முத்துக்கரை – 7: தீவுக்கு ஓடிய ஊர்

சென்ற வாரம் வேதாளைக் கடற்போரோடு நிறுத்தியிருந்தோம். 1538-இல் மார்ட்டிம் அஃபோன்சோ டி சூசாவின் கப்பல்கள் பட்டே மரக்காயரின் படையைச் சிதறடித்தன. அதற்கு முன்பே பரதவர் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிமார் கொச்சிக்குப் போய்த் திருமுழுக்குப் பெற்று வந்திருந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து கரையில் இருபதாயிரம் பேர் அளவில் மதம் மாறியிருந்தார்கள். பரதவர் கணக்கு எளிமையானது: சலாபம் என்னும் முத்துக்குளிப்பு இனி நம் கையில், கடல் இனி நம் கடல்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஆண்டுதோறும் போர்ச்சுக்கீசியருக்குப் பணம் கட்டவேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி போர்ச்சுக்கல் ராணியின் காலணிச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. நான் கிண்டலுக்காகச் சொல்லவில்லை, வரியின் பெயரே அதுதான். லிஸ்பனில் ஓர் அரசி செருப்பு மாற்ற, மன்னார் வளைகுடாவில் ஒருவன் இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக மூச்சடக்கி இறங்கினான்.

கட்டிய பணத்துக்குப் பதிலாகக் கிடைத்தது பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை 1544-ஆம் ஆண்டு காட்டியது.

*

நிலத்தின் மீது மூன்று கண்கள்

கடல் பக்கம் பகை ஓய்ந்துவிட்டது. ஆபத்து இப்போது முதுகுப் பக்கம் இருந்தது.

அப்போது விஜயநகர அரியணையில் சதாசிவ ராயர். பெயர் அவருடையது, ஆட்சி ராம ராயருடையது. தலைக்கோட்டைப் போருக்கு இன்னும் 21 ஆண்டுகள் இருந்தன. பேரரசு தன் வலிமையின் உச்சியில் நின்று தெற்கே பார்த்தது. தெற்கே வேணாட்டு அரசர்கள் மலையைத் தாண்டி வந்து தாமிரபரணிச் சீமையில் கை வைத்திருந்தார்கள். தென்காசிப் பாண்டியர்கள் ஒடுங்கிப் போயிருந்தார்கள். கயத்தாற்றில் வெட்டும் பெருமாள் என்ற அரசர் தனக்கும் இந்தக் கரையில் உரிமை உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்தச் சிக்கலுக்குள் ராம ராயர் தன் உறவினன் விட்டலன் தலைமையில் படையை அனுப்பினார். கரையில் அந்தப் படைக்கு ஒரே பெயர்தான்: வடுகர்.

பரதவர்களுக்கு இந்தச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லை. ஆனால், உள்நாட்டு அரசர் எவரும் அவர்களை அப்படிப் பார்க்கவில்லை. அவர்கள் பார்வையில் இவர்கள் முத்துப்பாரையும் தூக்கிக்கொண்டு வேற்று நாட்டு ராஜாவிடம் போய்ச் சேர்ந்த குடிகள். முன்பு வரி கட்டியவர்கள். இப்போது கேட்டால் கொச்சிப் பக்கம் கை காட்டுகிறவர்கள். படையெடுப்பு நடந்தால் முதலில் யார் வீடு எரியும் என்பதைச் சொல்லச் சோதிடர் வேண்டியதில்லை.

கொள்ளையும் ஒரு காரணம்தான். முத்து விளையும் ஊரில் வீட்டுக்கு வீடு பானை நிறைய முத்து இருக்கும் என்று உள்நாட்டில் இருப்பவன் நினைப்பான். உண்மையில் குளிக்கிற தோணிக்காரன் கையில் எதுவும் தங்குவதில்லை. சலாபம் முடிந்ததும் அரசன் பங்கு, வியாபாரி பங்கு, வாங்கின கடன் என்று சிப்பி திறக்குமுன்பே கணக்கு முடிந்துவிடும்.

*

கச்சான் காற்றுக்கு எதிரே

1544 ஜூன் மாதம். பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்து ஏறக்குறைய இருபது மாதம் ஆகியிருந்தது. தமிழில் செபங்களை மனப்பாடம் செய்து, ஊர் ஊராக நடந்து, பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய கூட்டாளி பிரான்சிஸ்கோ மன்சிலாஸ் புன்னைக்காயலில் இருந்தார். அந்த ஆண்டு முழுக்கச் சவேரியார் அவருக்குக் கடிதம் எழுதினார். நலம் விசாரிப்பு, வேலை, கோபம், புலம்பல் எல்லாம் கலந்த அவசரக் கடிதங்கள். இன்று நாம் 1544-ஐ நாள்வாரியாகப் பார்க்க முடிகிறது என்றால் அந்தக் கடிதங்களால்தான்.

மணப்பாட்டுக்கு அவர் வந்து சேர்ந்தபோது கன்னியாகுமரியிலிருந்து செய்தி வந்தது. வடுகர் குதிரைப்படை கடற்கரை ஊர்களில் புகுந்துவிட்டது. அகப்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தப்பியவர்கள் கடலுக்குள் நிற்கும் பாறைகளில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீர் இல்லை, சோறு இல்லை. செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றிரவே மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகள் கிளம்பின. சவேரியாரும் ஏறினார்.

ஜூன் மாதத்தில் மணப்பாட்டிலிருந்து குமரிக்குத் தோணி விடுவது என்ன பாடு என்று அந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கச்சான் வீசும் காலம். போகவேண்டிய திசையும் தென்மேற்கு, காற்று வரும் திசையும் அதுவே. நீரோட்டமும் முகத்துக்கு எதிரே. பாய் விரித்தால் பின்னால் தள்ளும், தண்டு போட்டால் கை ஓயும். அந்தத் தோணிகளில் இருந்தவர்கள் கடல் தெரியாதவர்கள் இல்லை. பிறந்ததிலிருந்து இதே தண்ணீரில் கிடப்பவர்கள். ஆனாலும் எட்டு நாள் கடலில் அலைக்கழிந்து, குமரியை எட்டாமல் திரும்பினார்கள்.

பாறையில் இருந்தவர்களுக்கு அந்த எட்டு நாள் எப்படிப் போயிருக்கும்?

காற்று விடவில்லை என்றதும் சவேரியார் தரைவழியே நடந்தார். எதிரே அந்த மக்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர் கண்டதை மன்சிலாசுக்கு எழுதியிருக்கிறார். வயிற்றுக்கு எதுவும் இல்லாதவர்கள், நடக்கமுடியாமல் வழியிலேயே உட்கார்ந்துவிட்ட முதியவர்கள், வழியிலேயே இறந்து கிடந்தவர்கள், நடைபாதையிலேயே பிள்ளை பெற்ற பெண்கள். எல்லோரையும் மணப்பாட்டுக்குக் கொண்டுவரச் செய்தார். மணப்பாடு வசதியான ஊர் இல்லை. இருந்ததைப் பகிர்ந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு விலகல். கோட்டாற்றில் வடுகர் படைக்கு எதிரே சவேரியார் சிலுவையைப் பிடித்துக்கொண்டு தன்னந்தனியாக நின்றார், படை அஞ்சிப் பின்வாங்கியது என்றொரு கதை உண்டு. படங்களாகவும் வரைந்திருக்கிறார்கள். அவர் தம் கையால் எழுதிய கடிதங்களில் அந்தக் காட்சி இல்லை. இருப்பது எதிர்க்காற்றில் திரும்பிவந்த இருபது தோணிகள்தான். எனக்கு அந்தத் தோல்விதான் பெரிய காட்சியாகப் படுகிறது. இருபது தோணிக்காரர்களுக்குக் குமரியில் என்ன நடக்கிறது என்று தெரியும். தங்கள் ஊர் அடுத்து என்பதும் தெரியும். தெரிந்தும் ஆண்பிள்ளைகள் தோணியோடு கிளம்பிப் போனார்கள்.

*

ராக்காவல்

ஜூலை கழிந்து ஆகஸ்ட் வந்தது. கரை நெடுக ஒரே பேச்சுதான்: அடுத்து எந்த ஊர்?

மன்சிலாசுக்குச் சவேரியார் சொன்ன யோசனைகளைப் படித்தால் அந்த மாதத்து அச்சம் புரியும். உள்நாட்டுப் பக்கம் காவல் போடச் சொன்னார். தோணிகளைக் கரையில் ஏற்றிவைக்காமல் தண்ணீரில் ஆயத்தமாக வைக்கச் சொன்னார். குதிரைப்படை இரவில் வந்தால் தோணியேற அவகாசம் இருக்காது என்பது அவருடைய கவலை. மக்கள் அசட்டையாக இருந்துவிடுவார்கள் என்றும் பயந்தார்.

அசட்டை என்று சொல்வது எளிது. காலையில் கடலுக்குப் போய் மீன் பிடித்தால்தான் மாலையில் உலை. பகலெல்லாம் தண்டு போட்டவன் இரவெல்லாம் பனங்காட்டுப் பக்கம் கண்ணை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார முடியும்? படை ஊருக்குள் வருமுன்பே பிழைப்புக்குள் வந்துவிட்டது. தோணியை ஆயத்தமாக வைத்திருப்பதென்றால் அந்தத் தோணி தொழிலுக்குப் போகவில்லை என்று பொருள்.

நிலத்தின் அமைப்பும் உதவவில்லை. மணப்பாட்டிலிருந்து திருச்செந்தூர் வரை ஊர்களுக்குப் பின்னால் செம்மணல் தேரி. அதற்கு அப்பால் பனங்காடு. ஓடி ஒளிய மலை கிடையாது, அடர்ந்த காடு கிடையாது. குதிரை வரமுடியாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது கடல்.

*

காப்டனின் குதிரைகள்

தூத்துக்குடியில் போர்ச்சுக்கீசியக் காப்டன் இருந்தார். பெயர் கோஸ்மே தெ பைவா. அவருக்கு ஒரு வீடு, ஒரு கப்பல், கொஞ்சம் ஆட்கள். கரையின் பாதுகாப்பு என்று பரதவர் பணம் கட்டியது இந்த மனிதரை நம்பித்தான்.

பைவாவுக்குப் பாதுகாப்பைவிட வியாபாரத்தில் நாட்டம் அதிகம். அந்தக் காலத்தில் தென்னாட்டில் குதிரையைப் போல லாபம் தரும் சரக்கு வேறில்லை. இங்கே நல்ல குதிரை பிறப்பதில்லை, கப்பலில்தான் வரவேண்டும். மார்க்கோ போலோ காயலுக்கு வந்த காலத்திலேயே பாண்டிய மன்னர்கள் அரபுக் குதிரைகளுக்குப் பொன்னை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அந்தக் கடல்வழி போர்ச்சுக்கீசியர் கையில் இருந்தது. குதிரை விற்கிறவன் யாருக்கு விற்கிறான் என்பதே ஒரு போரின் முடிவைத் தீர்மானித்தது.

காப்டன் உள்நாட்டுப் படைகளுக்குக் குதிரை விற்றார் என்பதுதான் அவர்மீது விழுந்த பெரிய குற்றச்சாட்டு. எந்தப் படைக்கு அஞ்சிக் கரை முழுக்க ராக்காவல் இருந்ததோ அந்தப் படைக்கே. காவல்காரன் கையால் வாங்கிய குதிரையில் ஏறி ஒருவன் காவலுக்குள் வருகிறான் என்றால் அதற்குப் பிறகு பாதுகாப்பு என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு?

சவேரியாருக்கும் பைவாவுக்கும் ஏற்கெனவே உறவு முறிந்திருந்தது. போர்ச்சுக்கீசியர் இந்தக் கரையில் செய்யும் அக்கிரமங்களைப் பற்றி அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே அவர் கொதித்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து வரும் படையைச் சபிப்பது எளிது. தம் பக்கத்தவன் செய்யும் களவை எப்படித் தடுப்பது என்பதுதான் அவரைத் தின்றது.

*

செப்டம்பர்

செப்டம்பர் முதல் வாரத்தில் சவேரியார் ஆலந்தலையில் இருந்தார். அங்கே அவருக்குச் செய்தி எட்டியது: தூத்துக்குடியில் படை புகுந்துவிட்டது. காப்டனின் கப்பல் எரிந்தது. வீடும் எரிந்தது. காப்டன் தப்பித் தீவுகளுக்குப் போய்விட்டார். ஊர் மக்களும் தீவுகளில்.

தூத்துக்குடிக்கு எதிரே உள்ள அந்தத் தீவுகளை இன்று மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் பகுதியாக அறிகிறோம். வான் தீவு, காசுவாரித் தீவு, விலாங்குசல்லி, கரியசல்லி. பவளப்பாறைத் துண்டுகளும் மணலும் சேர்ந்து உண்டான தாழ்ந்த திட்டுகள். அவற்றில் விலாங்குசல்லி இப்போது தண்ணீருக்கடியில் போய்விட்டது. மீன் பிடிக்கப் போகிறவர்கள் வலை உலர்த்த, இளைப்பாற, காற்றுக்கு ஒதுங்க இவை போதும். ஓர் ஊரே குடியேறப் போதாது. நிழலுக்கு மரம் அரிது. மணலைத் தோண்டினால் ஊறும் நீர் உப்புக் கரிக்கும்.

ஓடுகிறவன் கையில் என்ன இருக்கும்? பிள்ளை இருக்கும், கிழவி இருக்கும். தோணியில் இடம் இருந்தால் ஒரு குடம், ஒரு சுருட்டு வலை. நெல் இருந்தாலும் வேகவைக்கத் தண்ணீர் வேண்டும். கடல் தங்களைக் காப்பாற்றிய முதல் நாள் போய், கடலே தங்களைச் சிறை வைத்த இரண்டாம் நாள் வந்தது. கரை கண்ணெதிரே தெரிகிறது. நல்ல கண் உள்ளவன் தன் வீட்டுப் பக்கம் எழும் புகையைப் பார்த்திருப்பான். திரும்பிப் போகமுடியாது.

ஆலந்தலையிலிருந்து சவேரியார் கடிதம் எழுதினார். புன்னைக்காயல் ஆட்களோடு உடனே போ, தோணிகளில் எவ்வளவு தண்ணீர் கொள்ளுமோ அவ்வளவும் ஏற்றிக்கொண்டு போ என்பது மன்சிலாசுக்கு அவர் சொன்னதன் சாரம். கொம்புத்துறைப் பட்டங்கட்டிகளுக்கும் வேம்பாற்றுப் பட்டங்கட்டிகளுக்கும் தனித்தனியாக எழுதினார்: தோணி அனுப்புங்கள், தண்ணீர் அனுப்புங்கள்.

அந்த உத்தரவில் உள்ள கடலறிவைக் கவனிக்கவேண்டும். புன்னைக்காயல் தாமிரபரணியின் முகத்துவாரம். அந்தக் கரையில் நன்னீருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அங்கிருந்து தூத்துக்குடிக்கு வடக்கே போகவேண்டும். ஜூனில் மணப்பாட்டுத் தோணிகளைத் திருப்பியடித்த அதே காற்று, செப்டம்பரில் வடக்கே போகிற தோணிக்குப் பின்னாலிருந்து தள்ளும். வேம்பாறோ தூத்துக்குடிக்கு வடக்கே இருக்கிறது. அங்கிருந்து வருகிறவர்கள்தான் காற்றோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். ஆனாலும் இரண்டு பக்கமும் எழுதினார். ஒரு பக்கம் தவறினாலும் மறுபக்கத்திலிருந்து வந்து சேரட்டும் என்று.

தோணியில் தண்ணீர் கொண்டுபோவது மீனோ சங்கோ ஏற்றுவதுபோல அல்ல. தளும்பும். ஒரு பக்கம் சாய்ந்தால் எல்லாம் போகும். குடங்களை ஒன்றோடொன்று இடிக்காதபடி வைக்கோலோ வலையோ சுற்றி அடுக்கவேண்டும். போய்ச் சேர்ந்த பிறகும் எத்தனை வாய்க்குக் காணும்? ஒரு நடை போதாது. தினமும் நடை வேண்டும். இதைச் செய்தவர்கள் போர்வீரர்கள் இல்லை. பக்கத்து ஊர்ப் பரதவர்கள். தங்கள் தோணியைத் தாங்களே தப்பியோட வைத்திருந்தவர்கள்.

சவேரியார் தாம் நேரில் போகவில்லை. காப்டன் அங்கே இருந்தார். தம் முகத்தைப் பார்த்தால் அந்த மனிதருக்கு ஆத்திரம் மூளும் என்று எண்ணி மன்சிலாசை அனுப்பினார். தாம் வெறுத்த ஒருவருக்கும் சேர்த்தே தண்ணீர் அனுப்பினார் என்பதைக் குறிக்காமல் விடக்கூடாது. இரண்டு நாள் கழித்துத் திருச்செந்தூரிலிருந்து இன்னொரு கடிதம். தண்ணீர் சுமந்து மாளாது என்பது அதற்குள் புரிந்துவிட்டது. தூத்துக்குடி மக்களைத் தீவுகளிலிருந்து எடுத்துக் கொம்புத்துறையிலும் புன்னைக்காயலிலும் குடியமர்த்தும்படி சொன்னார்.

அந்தச் சில நாட்களில் தீவு மணலில் எத்தனை பேர் புதைக்கப்பட்டார்கள் என்று யாரும் எண்ணி எழுதிவைக்கவில்லை. பசியாலும் தாகத்தாலும் இறந்தார்கள் என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது.

*

கணக்குத் தீர்க்கும் காலம்

ஊர் காலியாயிற்று. மழைக்காலத்துக்கு முன்னால் சங்கு குளிக்கத் தயாராகும் வேளையில் தோணி இல்லை, வீடு இல்லை, தொழில் இல்லை. புன்னைக்காயலிலும் கொம்புத்துறையிலும் ஒண்டுக்குடித்தனம். விருந்தாளியை மூன்று நாள் தாங்கலாம். ஓர் ஊரை இன்னோர் ஊர் எத்தனை மாதம் தாங்கும்?

காப்டன் பிழைத்துக்கொண்டார். அவர் மீண்டும் வியாபாரத்தில் இறங்கவும் நாளாகவில்லை.

டிசம்பர் 18-இல் கொச்சியிலிருந்து சவேரியார் மன்சிலாசுக்கு எழுதிய கடிதம் அந்த ஆண்டின் கடிதங்களிலேயே கடுமையானது. பைவாவின் மனச்சாட்சிச் சுமையை இறக்க உதவும்படி சொல்கிறார். சுமை எது என்பதையும் மறைக்கவில்லை. இந்தக் கரையில் அவர் அடித்த கொள்ளைகள், தூத்துக்குடியில் அவருடைய பேராசையால் நேர்ந்த சாவுகள். போர்ச்சுக்கீசியரைக் கொன்றவர்களிடமே காப்டன் பணம் வாங்கியிருந்தார். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல் என்கிறார். தூத்துக்குடி எரிந்ததற்குப் பொறுப்பு யார் என்று கேட்டால், போர்ச்சுக்கீசியர் பக்கத்து மதகுருவே எழுதிவைத்த சாட்சியம் இது. உள்ளூர்க்காரன் சொல்லியிருந்தால் பொறாமை என்று தள்ளியிருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதே மாதங்களில் வேணாட்டுக் கடற்கரையில் முக்குவர் என்ற மீனவர்கள் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றார்கள். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் என்று சவேரியாரே எழுதினார். தூத்துக்குடியில் ஓட்டை விழுந்த பாதுகாப்பு மேற்குக் கரைக்கு இன்னும் முழுசாகத் தெரிந்தது. மன்னாரிலோ நேர் எதிர். அங்கே புதிதாக மதம் மாறிய அறுநூறு பேருக்கு மேல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். பழிவாங்க நாகப்பட்டினத்தில் கப்பல்கள் கூடின. ஒரு போர்ச்சுக்கீசிய வணிகக் கப்பல் யாழ்ப்பாணக் கரையில் தட்டியதும் அதன் சரக்கை மீட்பது முக்கியமாகிவிட்டது. படையெடுப்பு நின்றது. சரக்குக்கும் உயிருக்கும் இடையே ஆண்டவர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்பது இந்தத் தொடரில் இது முதல் தடவையும் இல்லை, கடைசித் தடவையாகவும் இருக்கப்போவதில்லை.

வடுகர் படையும் முழுசாகப் போய்விடவில்லை. 1549-இல் வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி என்ற இயேசு சபைத் துறவி அவர்கள் கையில் மடிந்தார். மக்களைத் தோணியில் ஏற்றிவிட்டுத் தாம் கரையில் நின்றவர்.

கரையின் மையம் தூத்துக்குடியிலிருந்து மெல்ல நழுவியது. போர்ச்சுக்கீசியரும் மக்களும் புன்னைக்காயலை நம்பத் தொடங்கினார்கள். ஆற்றுநீர் இருந்தது, துறை இருந்தது. மண்கோட்டை ஒன்றும் எழும்பியது. தரைவழியே படை வந்தால் கோட்டை தாங்கும், தாங்காவிட்டால் பின்னால் கடல் இருக்கிறது. 1544 கற்றுக்கொடுத்த பாடம் அதுதானே: குதிரை தண்ணீரில் இறங்காது.

1553-இல் அந்தக் கணக்கு பொய்த்தது. அந்த ஆண்டு புன்னைக்காயலுக்கு முன்னால் வந்து நின்றவை குதிரைகள் அல்ல, மலபார்க் கடலோடி இரப்பாலியின் கப்பல்கள். தரைப்பக்கம் வடுகர் காத்திருந்தார்கள்.

கடலிலிருந்தும் படை, கரையிலிருந்தும் படை. தோணியை ஆயத்தமாக வைத்திருந்தவர்கள் இப்போது எந்தப் பக்கம் ஓடுவது?

(தொடரும்)